பாட்டு வந்தால்தான் வண்டி நகரும்

எல்லோரும் ஏறியாகிவிட்டது, கதவுகள் நான்கும் சாத்தியாகிவிட்டது, தெருக்கோடி வரை குறுக்கே ஒரு சைக்கிள்கூட இல்லை, இருந்தும் கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், ஓட்டுகிறவர் சீட்டை எட்டிப் பாருங்கள். தலை தெரியாது. முதுகு மட்டும் தெரியும். கியருக்குக் கீழே குனிந்து, ஒரு கையில் கறுப்பு ஒயரும் மறு கையில் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டியுமாக, வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, செருகி, உருவி, மறுபடி செருகிக்கொண்டிருக்கும் அந்த முதுகின் சொந்தக்காரரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இணைப்பாளர்.

இவர் பெட்ரோல் இல்லாமல்கூட வண்டியைப் பத்தடி தள்ளிக்கொண்டு போவார். பாட்டு இல்லாமல் ஓரடி நகர்த்த மாட்டார். ரேடியோ இருக்கிறதே என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது. "அவன் போடற பாட்டை நான் ஏன் கேக்கணும்?" என்பார். போனிலேயே பாட்டு வருமே என்றும் சொல்லிவிடக் கூடாது. "சரணம் வரும்போது எவனாவது கூப்பிட்டு வட்டிக்குக் கடன் வேணுமான்னு கேப்பான்" என்பார். அவருக்கு அந்தப் பாட்டுப் பெட்டிதான் வேண்டும். கண்ணாடி விரிசல் விட்டு, அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, பின்பக்கம் ரப்பர் வளையம் போட்டு, பதினான்கு வருஷமாகக் காப்பாற்றி வருகிற பெட்டி. உள்ளே நாலாயிரத்து இருநூறு பாட்டு இருக்கிறது. அவர் கேட்பது முப்பது.

காரில் முன்னால் சிறு அறை இருக்கிறதல்லவா, மற்றவர்கள் வண்டிப் புத்தகம் வைப்பார்களே, அதை இவர் வண்டியில் திறக்க நேர்ந்தால் மடியில் துண்டை விரித்துக்கொண்டு திறவுங்கள். ஒயர்கள் சரிந்து விழும். நேர் ஒயர், சுருள் ஒயர், ஒரு பக்கம் ஆணும் மறுபக்கம் பெண்ணுமான ஒயர், இரண்டு பக்கமும் ஆணாகிப்போய் எதற்கும் பயன்படாத ஒயர், பழைய காருக்கு வாங்கிய கேசட் வடிவத்து டப்பா ஒன்று. அந்தப் பழைய கார் போய் ஒன்பது வருஷமாகிறது. டப்பா போகவில்லை. "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்." எதற்கு? கேட்டுப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

இணைப்பாளர்கள் எல்லோரும் பேசுவது மூன்றே வாக்கியம். "நேத்து வரைக்கும் நல்லா பாடிச்சே" என்பது முதலாவது. "யாரு இதைத் தொட்டது?" என்பது இரண்டாவது. யார் தொடுவார்கள்? அந்த ஒயரைத் தொட்டவர்களுக்கு அந்த வீட்டில் என்ன கதி என்று எல்லோருக்கும் தெரியும், சிலந்திகூட அந்தப் பக்கம் போகாது. மூன்றாவது வாக்கியம், "ஒரே நிமிஷம்." இந்த நிமிஷத்துக்கு அறுபது விநாடி என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒருமுறை ஒயரே இல்லாத வழி ஒன்றையும் பார்த்துவிட்டார். சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகும் கட்டைவிரல் அளவுச் சாமான் அது. பாட்டுப் பெட்டியில் ஓடும் பாட்டைக் காற்றில் அனுப்பும், கார் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். சிக்னலில் வண்டி நின்றது. இவர் ரேடியோவில் கரகரவென்று சத்தம். பக்கத்துக் காரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வானிலை அறிக்கைக்கு நடுவே காதல் பாட்டு வந்து விழுந்ததில் திடுக்கிட்டு, ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். நீங்களும் நானும் என்ன செய்வோம்? கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இவர் கண்ணாடியை இறக்கினார். "சார், உங்களுக்குத் தெளிவாக் கேக்குதா? எந்த நம்பர்ல வருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

இவ்வளவு சொன்னதும் இவரை ஏதோ வேலைவெட்டி இல்லாத ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் ஜனங்களைச் சராசரியாகப் பதினோரு நிமிஷத்தில் வெளியே எடுத்துவிடுவார். சாவியைப் போடுவார், சக்கரத்தைக் கையால் சுற்றுவார், கதவைத் திறப்பார், "பாத்து, படி உயரமா இருக்கு" என்று கையைப் பிடித்து இறக்குவார். பெரிய பெரிய அதிகாரிகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியிருக்கிறார்கள். ஊராரை விடுவிக்கிற அந்த மனுஷர் காரில் ஏறினவர்களை மட்டும் வெளியேயும் விடமாட்டார், கொண்டுபோயும் சேர்க்கமாட்டார்.

இவருக்கு வாய்த்த மனைவி யார் தெரியுமா? பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் போர்டில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவர். டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை அவரை ஆபரேட்டர் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கையால் பிரசவ வார்டு, மறு கையால் ரத்த வங்கி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஆம்புலன்ஸ் என்று ஊரையே ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைத்தவர். அவர் வேலையில் ஒரே நிமிஷம் என்று சொன்னால் ஒரே நிமிஷம்தான். தாமதித்தால் ஆள் செத்துப்போய்விடுவான், இல்லையா?

அந்த ஆபரேட்டர் அம்மா ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரி உணவுக்கூடத்தில் மேஜைகளை ஓரம் தள்ளி, நாற்காலி போட்டு, வழியனுப்பு விழா வைத்தார்கள். கணவருக்கு முன்வரிசையில் நடு நாற்காலி. இரண்டு பேச்சு முடிந்ததும் நம்மவருக்கு ஒரு யோசனை உதித்தது. விழா முடிந்து மனைவி காரில் ஏறிக் கதவைச் சாத்துகிற அந்தக் கணத்தில் அவளுக்குப் பிடித்த பாட்டு கணீரென்று ஒலிக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட யோசனை. பக்கத்திலிருந்த தலைமை நர்ஸிடம் "ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாகனம் நிறுத்தும் இடத்துக்கு எழுந்து போனார்.

நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து அவர் வெற்றியோடு திரும்பியபோது நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு நின்றிருந்தார். "என்ன சார், உங்க வீட்டம்மா பாடினதைக் கேக்காம எங்க போனீங்க?" என்றார் தலைமை நர்ஸ். "கல்யாணத்துக்கு முன்னாடி பாடினதோட சரியாம். நாங்க கெஞ்சிக் கூத்தாடிப் பாடவெச்சோம்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பாட்டு கணீரென்று வந்தது. அதுபோல் அது என்றைக்கும் வந்ததில்லை. ஆபரேட்டர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்து ஒன்பது நாள் ஒன்றும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது, காபி வந்தது, இஸ்திரி போட்ட சட்டை வந்தது. பேச்சு வரவில்லை. முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவர் வீட்டு லைனைப் பிடுங்கிவிட்டார். நம்மவர் முதல் இரண்டு நாள் களைப்பு என்று நினைத்தார். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தார். நான்காம் நாள் அந்த அம்மாள் தன் தம்பியிடம் போனில் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசியதைக் கேட்டபிறகுதான் புத்திக்கு எட்டியது. மன்னிப்புக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான். அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே மதியச் சாப்பாடு, ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போகிற மனைவி இரண்டு துணிப்பெட்டியோடு வாசலுக்கு வந்தார். ஒன்று காரின் பின்பெட்டிக்குள் போயிற்று, இடம் போதாமல் இன்னொன்று பின்சீட்டில் ஏறியது. அதன் பக்கத்தில் அவரும் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டு, கூட வந்த தம்பிக்கு. தையல் மிஷின் கடையில் விற்பனைக்கு நிற்பவர், எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"ரெண்டு பெட்டி எதுக்கு?" என்று இணைப்பாளர் மெல்லத் தம்பியிடம் கேட்டார்.

"ஒரு மாசம் இருந்துட்டு வரப்போறாங்களாம் அத்தான். பெரியக்காகிட்ட நேத்தே சொல்லியாச்சு. நீங்க மட்டும் சாயங்காலம் திரும்பிடலாமாம்."

ஒன்றரை மணி நேரம். அதற்குள் மனைவி வாயைத் திறக்காவிட்டால் ஒரு மாசம் காலி வீட்டில் கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனாலும் கைவசம் ஆயுதம் இருந்தது. ஒரு வாரமாகக் கண்விழித்து, மனைவிக்குப் பிடித்த இருபத்தாறு பாட்டைப் பொறுக்கி வரிசைப்படுத்தி வைத்திருந்தார். விழாவில் அவர் பாடிய பாட்டு எது என்று தலைமை நர்ஸிடம் விசாரித்து, முதலில் வைத்தால் வழிகிற மாதிரி இருக்குமே என்று ஏழாவதாக வைத்திருந்தார். பாருங்கள், ஆள் முட்டாள் இல்லை. குனிந்தார். ஒயரை எடுத்தார்.

"தம்பி, கார் எப்பக் கிளம்பும்னு கேளு," என்றது பின்சீட்டு.

"அத்தான், எப்பக் கிளம்பும்னு அக்கா கேக்கறாங்க."

"ஒரே நிமிஷம்னு சொல்லு."

"ஒரே நிமிஷமாம்க்கா."

"எந்தத் தேதியில வர்ற நிமிஷம்னு கேளு."

மூன்று பேரும் கையை நீட்டினால் ஒருவரையொருவர் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார்கள். இருந்தாலும் எல்லாம் தம்பி வழியாகவே போய் வந்தது.

ஒயர் நுனியிலிருந்த பின், துளைக்குள் நிற்க மறுத்தது. காகிதத்தை மடித்து அண்டை கொடுத்தார். ஒரு பக்க ஒலிபெருக்கி மட்டும் பாடியது. காகிதத்தை எடுத்தார். இரண்டும் நின்றுவிட்டன. தம்பியின் போனை அணைக்கச் சொன்னார், அதற்கும் ஒயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தாலும் சொன்னார். கடைசியில் ஒயரை ஒரு தினுசான கோணத்தில் தூக்கிப் பிடித்தால் பாடுகிறது என்று தெரிந்தது. "இப்படியே பிடிச்சுக்க. கையை அசைக்காதே" என்று அதைத் தம்பியிடம் கொடுத்தார். அவர் பாம்பின் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் கார் தெருவை விட்டுக் கிளம்பியது.

ஆறு பாட்டு ஓடியது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் இணைப்பாளர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். பின்சீட்டு ஜன்னலைப் பார்த்தது. தம்பிக்கு மூக்கு அரித்தது, பொறுத்துக்கொண்டார். ஏழாவது பாட்டு ஆரம்பித்தது. வயலின் எழுந்தது, தபலா சேர்ந்தது, பாடகி வாயைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து, ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் வேகத்தடை வந்தது. கார் தூக்கிப் போட்டது.

பாடகியைக் காணவில்லை.

வயலின் இருக்கிறது, தபலா இருக்கிறது, புல்லாங்குழல்கூட இருக்கிறது. பாடுகிறவள் மட்டும் இல்லை. பின் முழுக்க இறங்காமல் பாதியில் நின்றால் அப்படி ஆகும். இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்கிற பாடகிதான் முதலில் காணாமல் போவாள். இணைப்பாளர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது, மற்றவர்கள் ஒயரை ஒழுங்காகச் செருகிவிடுவார்கள்.

காலியாகக் கிடந்த அந்த இடத்தில், பின்சீட்டிலிருந்து ஒரு குரல் மெல்ல நுழைந்தது.

வேண்டுமென்று பாடவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, வாத்தியம் கூப்பிட்டதால் வந்துவிட்ட குரல். சற்றே கம்மியிருந்தது, ஆனால் சுருதி பிசகவில்லை. முதல் வரி முழுசாக வந்தது. தம்பி மூச்சுவிடவும் மறந்து, ஒயரைப் பிடித்த கையோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். இரண்டாம் வரி தொடங்கியது.

இணைப்பாளரும் கேட்டார். ஆனால் அவர் காது எந்தக் காது? முதலில் கேட்டது கோளாறு. "பாடறவளைக் காணோமே" என்றார். எட்டிக் கையை நீட்டினார். கட்டைவிரலால் பின்னை ஓர் அழுத்து அழுத்தினார். க்ளிக். பாடகி முழுக் குரலில் வந்து காரை நிறைத்தாள்.

பின்சீட்டுக் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

"சரியாயிடுச்சு," என்றார் இணைப்பாளர், நிமிர்ந்து உட்கார்ந்து.

"சரியாயிடுச்சா?" என்றார் தம்பி. "அத்தான், அக்கா பாடிட்டிருந்தாங்க."

கார் ஒரு பர்லாங்கு தூரம் போயிற்று. பிறகுதான் இவருக்கு உறைத்தது. பூட்டியிருந்த பஞ்சர் கடை ஒன்றின் முன்னால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். குனிந்தார். பின்னை லேசாக வெளியே இழுத்தார். பாடகி போகவில்லை. இன்னும் லேசாக இழுத்தார், எல்லாமே நின்றது. உள்ளே தள்ளினார், எல்லாமே வந்தது. பக்கவாட்டில் சாய்த்தார். தட்டினார். ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினார், வேகத்தடையில் ஏறிய மாதிரி இருக்கட்டும் என்று. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாழாய்ப்போன பாடகி மட்டும் பிசிறில்லாமல் பாடினாள். பதினான்கு வருஷமாக ஒழுங்காக நிற்காத பின், அன்றைக்கு ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"என்ன பண்றீங்க?"

தம்பி வாயைத் திறந்து, இது தன் வழியாக வரவில்லை என்று புரிந்து, மூடிக்கொண்டார். பத்து நாளில் முதல் வார்த்தை நேராக வந்திருந்தது.

"கெடுக்கப் பாக்கறேன்," என்றார் இணைப்பாளர், குனிந்த தலை நிமிராமல். "கெட மாட்டேங்குது."

"இத்தனை வருஷமாத் தானாக் கெட்டுது. இன்னிக்கு முயற்சி பண்றீங்க, அதான் வரலை."

அவர் நிமிர்ந்து பின்னால் திரும்பினார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது தன் முகம் அப்படித்தான் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. "அன்னிக்கு நான் எழுந்து போனது தப்பும்மா," என்றார். "உனக்காகத்தான் போனேன்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுவும் தப்பு. நீ இல்லாம ஒரு மாசம் என்னால இருக்க முடியாது."

ஆபரேட்டர் அம்மா பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "மூணாவது வரி மறந்துடுச்சு எனக்கு," என்றார். "அத்தனை பேர் முன்னாடி. உங்க முகத்தைப் பாத்தா ஞாபகம் வந்துடும்னு முன்வரிசையைப் பாத்தேன். நாற்காலிதான் இருந்தது."

இணைப்பாளர் முன்பக்கம் திரும்பினார். பாட்டை நிறுத்தப் போனார். இங்கே ஒரு சங்கடத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது. பதினான்கு வருஷத்தில் அந்தப் பெட்டியை ஓடவைக்கத்தான் அவர் படாத பாடு பட்டிருக்கிறார், நிறுத்தவேண்டிய அவசியம் வந்ததே இல்லை. எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்று தெரியவில்லை. ஒன்றை அமுக்கினார், சத்தம் கூடியது. இன்னொன்றை அமுக்கினார், கும்மாளப் பாட்டு ஒன்று கிளம்பியது. கடைசியில் ஒயரை வேரோடு பிடுங்கிப் பெட்டியோடு சேர்த்துத் தம்பியின் மடியில் போட்டார்.

காருக்குள் அமைதி. அந்தக் காரில் அதற்குமுன் யாரும் கேட்டிராத சத்தம் அது.

"தம்பி, நீ பின்னாடி வந்து உக்காரு," என்றார் ஆபரேட்டர் அம்மா. "பெட்டி இருக்கு, ஒதுங்கி உக்காரு."

முன்சீட்டில் வந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "பாடேன்" என்றார் கணவர். "முதல்ல ரோட்டைப் பாருங்க. பெரியக்கா சாப்பாட்டை மூடி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா," என்றார் மனைவி. கார் கிளம்பியது. இரண்டு கைகாட்டி மரங்கள் கடந்தன. ரயில்வே கேட் ஒன்று கடந்தது. இவர் வாயைத் திறக்கவில்லை. எதையும் துடைக்கவில்லை, எதையும் செருகவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் இருந்தன.

யாரும் கேட்காமலே அந்த அம்மாள் ஆரம்பித்தார். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வந்தது. மூன்றாம் வரிக்கு வாயைத் திறந்து, அன்றைக்குப் போலவே நின்றார். அந்தப் பாட்டை நம்மவர் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்? அவர் எடுத்துக்கொடுத்தார். சுருதி என்றால் என்ன விலை என்று கேட்கிற குரலில், தாளம் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக, வார்த்தை மட்டும் பிசகாமல் எடுத்துக்கொடுத்தார். ஆபரேட்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் போட்டு உடைத்த வரியை வாங்கிச் செப்பனிட்டு, மேலே பாடிக்கொண்டு போனார். பின்சீட்டில் தம்பி நிம்மதியாக மூக்கைச் சொறிந்துகொண்டார்.

பெரியக்கா வீட்டு வாசலில் பெட்டி ஒன்றுகூட இறங்கவில்லை.

சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். நமக்கென்ன, நம்மிடம் அந்தப் பெட்டியும் இல்லை, அந்த ஒயரும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை, "இதோ, முடியப்போகுது" என்று தலை நிமிராமல் பதில் சொன்னீர்கள். முடிந்துவிட்டது. எழுந்து போய் என்னவென்று கேளுங்கள்.